பொலிஸ் நிலையத்துக்குள் இருந்து உளவளத்துணை: போவதா, விடுவதா?

குளக்கட்டு:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிளிநொச்சிப் பக்கம் பதினொரு வருடமாக உளவளத்துணை செய்கிறவள். டிப்ளோமா முடித்து முதலில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன், அது மூடினதும் இன்னொன்று, அதுவும் மூடினதும் வேறொன்று. திட்டம் முடிந்தால் எங்கள் வேலையும் முடியும், துணைநாடிகள், அதாவது எங்களிடம் உதவி தேடி வருகிறவர்கள், மட்டும் அப்படியே அங்கே இருப்பார்கள். இந்தப் பக்கத்தில் இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

போன மாதம் ஒரு திட்டத்தில் இருந்து கூப்பிட்டுக் கதைத்தார்கள். பதவியின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது: இளையோர் மற்றும் குடும்ப உளவளத்துணைப் பிரிவின் தலைமை அலுவலர். எனக்குக் கீழே மூன்று பேர். சம்பளம் இப்போது எடுப்பதைவிட அரைவாசி கூட. மூன்று வருட ஒப்பந்தம், அது இங்கே லொத்தர் விழுந்த மாதிரி. ஒரே ஒரு விஷயம், என் கதிரையைப் போடப்போகிற இடம் பொலிஸ் நிலையம். சிறுவர் பெண்கள் பிரிவுக்குப் பக்கத்து அறை. முறைப்பாட்டோடு வருகிற பிள்ளைகள், பிடிபட்டு வருகிற பிள்ளைகள், அவர்களுடைய வீட்டுக்காரர், எல்லோரையும் நான் பார்க்க வேண்டும்.

யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இப்போதும் அவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள், பொலிஸுக்குப் போய் ஆறு மாதம் கழித்து வருகிறார்கள் அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பெட்டையும் பத்தொன்பது வயதுப் பொடியனும் வீட்டை விட்டுப் போய் மூன்றாம் நாள் பிடிபட்டு, அவன் விளக்கமறியலில், அவள் சிறுவர் இல்லத்தில். தாய் குவைத்தில், தகப்பன் 2009க்குப் பிறகு இல்லை, அம்மம்மாவோடு வளர்ந்த ஒருவன் ஐஸ் போதைப்பொருள் பாவித்துவிட்டு வீட்டுத் தண்ணீர் மோட்டரைக் கழற்றி விற்கிறான், அம்மம்மா தானே பொலிஸுக்கு நடந்துபோய் "ஐயா இவனை ரெண்டு நாள் உள்ளுக்கு வைச்சு எடுங்கோ" என்று கெஞ்சுகிறா. கசிப்பைக் குடித்துவிட்டு அடிக்கிற மனுசனைப் பற்றி முறைப்பாடு கொடுக்கப் போன பெண்ணையும் அந்த மனுசனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, ஒரு கொப்பியில் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, சமாதானமாகப் போங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒரே மோட்டார் சைக்கிளில் அவனுக்குப் பின்னால் ஏறித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

முதல் நாளிலேயே அந்த இடத்தில் எங்கள் ஆள் ஒன்று இருந்தால் நல்லதுதானே என்று ஒரு மனம் சொல்கிறது. ஆனால் நானே 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் நடந்து வந்தவள், அப்புறம் மெனிக் பாம் முகாம். காக்கியைக் கண்டால் இன்றைக்கும் எனக்குள் ஒன்று சுருங்கும். அந்த வாசலுக்குள் ஒரு பிள்ளையை வரச் சொல்லி, என்னோடு மனம் விட்டுக் கதை என்று எந்த வாயால் கேட்பது? அதைவிட, அவன் கதைத்ததை நான் எழுதி வைக்கிற கோவை யாருடையது? பொறுப்பதிகாரி வந்து தா என்றால் கொடுக்க வேண்டுமா? இதை நேர்முகத்தில் கேட்டேன். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் மிஸ்" என்றார்கள். அந்தப் பதிலோடு என் நித்திரை போய்விட்டது.

வெளிநாடுகளில் பொலிஸுக்குள்ளேயே இப்படி ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். யாராவது செய்திருந்தால், அல்லது செய்கிறவரைத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள். மாத முடிவுக்குள் பதில் கொடுக்க வேண்டும்.

மல்லாவிப்பனி:

அக்கா (தங்கச்சியாகவும் இருக்கலாம், குறை நினைக்க வேண்டாம்), நீங்கள் சொன்ன பதவியில்தான் நான் இருக்கிறேன். பிறந்தது மல்லாவி, இப்போது அமெரிக்காவில் இலினோய் மாநிலம், சிக்காகோவுக்கு வெளியே ஒரு சின்ன நகரத்துப் பொலிஸில் இளையோர் குடும்ப தெரபிஸ்டுகளுக்குத் தலைமை. நான் பொலிஸ் இல்லை. சீருடை கிடையாது, துவக்கு கிடையாது, யாரையும் பிடிக்கவோ விடவோ அதிகாரம் கிடையாது. ஆனால் சம்பளம் வருவது பொலிஸின் கணக்கில் இருந்துதான், அதை நான் எந்தக் குடும்பத்திடமும் மறைத்ததில்லை.

இங்கே இது பழைய விஷயம். 1970 இலேயே இந்த மாநிலத்தின் வீற்றன், நைல்ஸ் என்ற இரண்டு ஊர்களில், ஹாவி ட்ரெகர் என்ற பல்கலைக்கழக ஆசிரியர் சமூகப் பணியாளர்களைப் பொலிஸ் நிலையத்துக்குள் கொண்டுபோய் இருத்தினார். அதற்குப் பிறகு வேறு ஊர்களும் பிடித்துக்கொண்டன.

என் வேலைநாள், முந்தின இரவு பொலிஸார் போன வீடுகளின் அறிக்கைகளோடு தொடங்கும். வீட்டை விட்டு ஓடின பிள்ளை, தாயும் மகளும் கைகலந்த வீடு, சாகப்போகிறேன் என்று சொன்னதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பொடியன். வாசித்துவிட்டு அந்த வீடுகளுக்குப் போன் எடுப்பேன். முதல் வசனம் எப்போதும் ஒன்றுதான்: நான் பொலிஸ் நிலையத்தில் இருந்து கதைக்கிறேன், ஆனால் நான் பொலிஸ் இல்லை, இதற்குக் காசும் இல்லை. பாதிப் பேர் டக்கென்று வைத்துவிடுவார்கள். அடுத்த கிழமை திரும்ப எடுப்பேன். வெட்கம் பார்த்தால் இந்த வேலை நடக்காது.

இன்னொரு வழியாலும் பிள்ளைகள் வருவார்கள். கடையில் களவெடுத்தது, பள்ளியில் அடிபட்டது மாதிரியானவற்றை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் நிலையத்திலேயே நிபந்தனை போட்டு முடிக்க இங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது, ஸ்டேஷன் அட்ஜஸ்ட்மென்ட் என்பார்கள். எழுத்தில் முறைப்படி செய்தால் 120 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. அந்த நிபந்தனைகளில் ஒன்றாக என்னிடம் அனுப்புவார்கள். ஆசையோடு வருகிற பிள்ளையை நான் இன்னும் காணவில்லை, தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு இரண்டு கிழமை சும்மா இருப்பான், நானும் சும்மா இருப்பேன்.

இப்போது உங்கள் கேள்வி, கோவை யாருடையது. என்னை அனுப்பிய பொலிஸ்காரருக்கு நான் சொல்வது மூன்றே மூன்று: வந்தான், வரவில்லை, முடித்தான். வேறு ஒரு சொல் கிடையாது. என் குறிப்புகள் பொலிஸ் கணினியில் இல்லை, அது தனி, திறப்பு எங்கள் ஆட்களிடம் மட்டும். என் நல்ல மனதால் இது நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். இந்த மாநிலத்தில் மனநலக் குறிப்புகளின் இரகசியத்துக்கு என்றே ஒரு சட்டம் இருக்கிறது, 12 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளையின் குறிப்பைத் தாய் தகப்பன் பார்க்க விரும்பினாலும் பிள்ளைக்கு அறிவித்து, அவன் மறுக்காவிட்டால்தான் காட்டலாம். அந்தச் சட்டம் எனக்குப் பின்னால் நிற்பதால்தான் பொலிஸ் தலைவரிடம் நான் முடியாது என்று சொல்லிவிட்டு மத்தியானம் சாப்பிடப் போகிறேன். விதிவிலக்கு இருக்கிறது, பிள்ளையை யாராவது துன்புறுத்துவதாகச் சந்தேகம் வந்தால் மாநிலச் சிறுவர் சேவைக்கு உடனே சொல்லியாக வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றாலும் அப்படித்தான். அதைக் கதவைச் சாத்தினதும் முதல் வேலையாகப் பிள்ளைக்குச் சொல்லிவிடுவேன். எதைச் சொன்னால் வெளியே போகும் என்று தெரிந்த பிள்ளைதான் மற்றதைக் கதைக்கும்.

ஒரு முறை கோப்பி ஊற்றுகிற இடத்தில் ஒரு பொலிஸ்காரர் சும்மா கேட்பது போலக் கேட்டார், அந்தப் பொடியன் சைக்கிள் எங்கே என்று ஏதாவது சொன்னானா என்று. நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அதே மனுசன் தன் மகளுக்கு ஒரு பிரச்சினை என்று கதவைத் தட்டினார். நான் அவரையும் பார்க்கவில்லை, வெளியே ஒருவரிடம் அனுப்பினேன், கூட வேலை செய்கிறவரின் வீட்டுக்கு நான் தெரபிஸ்ட் ஆக முடியாது. உங்களுக்கும் இது வரும். சார்ஜன்ட் தன் மச்சானின் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார், பாருங்கள்.

தலைமை என்றால் கூடச் சம்பளம் வாங்கிக்கொண்டு குறையக் குடும்பம் பார்ப்பது என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையில் மற்றவர்களின் குறிப்பை வாசிப்பது, கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஒவ்வொருவரையும் இருத்தி மேற்பார்வை கொடுப்பது, இரவுத் தொலைபேசி யாருடைய முறை என்று பார்ப்பது, பயிற்சிக்கு வந்தவர்கள் எழுதினதில் கையெழுத்துப் போடுவது (இங்கே தனித்து வேலை செய்யும் உரிமம் எடுக்க முதுமாணிக்குப் பிறகு 3000 மணித்தியாலம் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும்), அதுதான் நாள் முழுக்க. நான் கேட்டால் தப்பாக எடுக்காதீர்கள், அந்த மூன்று பேருக்கும் நீங்கள், உங்களுக்கு யார்? உங்களை மேற்பார்வை செய்ய வெளியே ஒரு ஆள் இல்லாமல் போகாதீர்கள். ஆறு மாதத்தில் நீங்களே பொலிஸ் மாதிரிக் கதைக்கத் தொடங்குவீர்கள். எனக்கு நடந்தது. ஒரு தாயிடம் "சம்பவ தினத்தன்று" என்று கேட்டேன். வாயை மூடி முடிக்க முதல் வெட்கமாகப் போய்விட்டது.

குடும்பம் என்ற சொல்லைப் பற்றி ஒன்று. ஒரு பொடியன், வயது பதினான்கு, தெருவில் நிற்கிற கார்களின் கண்ணாடி உடைத்தான். அவனோடு மட்டும் ஐந்து தரம் கதைத்தேன், ஒன்றும் இல்லை. ஆறாம் தரம் வீட்டில் எல்லோரையும் வரச் சொன்னேன், ஏழு வயதுத் தம்பி உட்பட. "அப்பா வாடகைக்குச் சண்டை பிடிக்கிற நாளில்தான் அண்ணன் வெளியே போறவன், எங்களைப் படுக்கப் போட்டிட்டுத்தான் போறவன்" என்று அந்தச் சின்னன் சொன்னான். தாய் தகப்பன் இருவரும் இரவு வேலை, இவன் இரண்டு வருடமாக வீட்டுக்குத் தாயாக இருந்திருக்கிறான், யாருக்கும் அது கண்ணில் படவில்லை. (அடையாளம் தெரியாதபடி சில விஷயத்தை மாற்றித்தான் எழுதுகிறேன்.) உங்கள் ஐஸ் பொடியனின் கதை அம்மம்மாவிடமும் குவைத்திலும் இருக்கலாம், வட்ஸ்அப்பில் தாயையும் அமர்வுக்குள் எடுங்கள், நான் எடுத்திருக்கிறேன்.

சங்கிலிப்பெட்டி:

நான் படித்தவன் இல்லை, விசுவமடுப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். மேலே எழுதின அக்காவின் ஊரில் சட்டம் பின்னால் நிற்கிறதாம், சந்தோசம். இங்கே பின்னால் நிற்பது யார் என்று சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முதல் என் தம்பியை ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், எது என்று எழுத விருப்பம் இல்லை. பதினாறு வயது, கோயில் திருவிழாவில் நடந்த சண்டை, அவன் நின்றவனா அடித்தவனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. விசாரித்தவருக்குத் தமிழ் இல்லை. தமிழ் தெரிந்தவர் லீவாம். வாசலில் நின்ற ஓட்டோக்காரரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவர் நல்ல மனுசன்தான், ஆனால் ஓட்டோக்காரர். என் தம்பி அழுதழுது சொன்னது எல்லாம், எங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னதும் சேர்த்து, பின்னேரம் சந்தியில் எல்லோருக்கும் தெரியும். அம்மா ஒரு மாதம் கடைக்குப் போகவில்லை. அவனுக்குக் கிடைத்த ஆலோசனை, "இனிமேல் இப்படிச் செய்யாதே" என்று காதைத் திருகினது.

ஆகவே அந்த அறைக்கு நான் என் தம்பியை அனுப்புவேனா என்று கேட்டால், மாட்டேன். நீங்கள் எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும். பெயர்ப்பலகையில் என்ன எழுதினாலும் அது பொலிஸ். மற்றது, அங்கே யாராவது போய்வந்தாலே தகவல் கொடுக்கிறவன் என்று பெயர் வரும். இந்த ஊரில் அந்தப் பெயர் எவ்வளவு பாரம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பழையகோவை:

பிள்ளை, நான் நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வவுனியா, மன்னார், கடைசியில் கிளிநொச்சி. சங்கிலிப்பெட்டித் தம்பி சொன்னதில் ஒரு எழுத்தையும் நான் மறுக்க மாட்டேன், ஆனால் அந்த ஓட்டோக்கதை நடக்கவே கூடாத ஒன்று என்பதையும் சொல்ல வேண்டும். வடக்குக் கிழக்கில் நிர்வாகமும் நீதிமன்றமும் தமிழில் நடக்க வேண்டும் என்று 1988 இல் பதினாறாம் திருத்தத்திலேயே எழுதிவிட்டார்கள். எழுதினதற்கும் ஓட்டோக்காரருக்கும் நடுவில்தான் எங்கள் சேவைக்காலம் போனது.

சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் மல்லாவிப் பிள்ளை தனக்குப் பின்னால் இருப்பதாகச் சொன்ன சட்டம் உங்களுக்குப் பின்னால் இல்லை. எங்கள் சாட்சிக் கட்டளைச் சட்டம் 1895 ஆம் ஆண்டினுடையது. சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் சொன்னதற்கு அதில் பாதுகாப்பு இருக்கிறது, கணவன் மனைவி பேசிக்கொண்டதற்கு இருக்கிறது. உளவளத்துணையாளரிடம் சொன்னதற்கு இல்லை. நீதவான் அழைப்பாணை அனுப்பினால் நீங்கள் போக வேண்டும், கோவையைக் கொண்டுவா என்றால் கொண்டுபோக வேண்டும். நான் போயிருக்கிறேன்.

இன்னும் ஒன்று, பலர் கவனிக்காதது. அதே சட்டத்தின் 25 ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் அவனுக்கு எதிராகக் காட்ட முடியாது என்கிறது. பொலிஸிடம் சொன்னால் செல்லாது, சரி. உங்களிடம் சொன்னால்? நீங்கள் பொலிஸ் இல்லையே. பொடியன் காவலில் இருக்கும்போது சொன்னால் 26 ஆம் பிரிவு காப்பாற்றும், நீதவான் முன்னிலையில் சொன்னால் ஒழிய அது சாட்சியாக ஏறாது. ஆனால் பிணையில் போய்விட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை உங்கள் அறைக்கு வந்து, மிஸ், வாளை நான்தான் வைத்திருந்தேன் என்று அழுதால், அந்த வார்த்தை எங்கே விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். பொலிஸ் நிலையத்துக்குள் இருக்கிற பொலிஸ் இல்லாத ஆள், அதுதான் இதில் ஆபத்தான இடம். கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்யத் தேவையில்லை, அது தானாகவே அப்படி அமைந்துவிடும்.

ஆகவே என் புத்தி, குறிப்பைச் சின்னதாக எழுதுங்கள். நடந்த சம்பவத்தை எழுத வேண்டாம், அது முறைப்பாட்டுப் புத்தகத்தின் வேலை. பிள்ளை நித்திரை கொள்கிறானா, பள்ளிக்குப் போகிறானா, யாரோடு சாப்பிடுகிறான், அடுத்த கிழமை என்ன செய்வதாக ஒத்துக்கொண்டோம். அந்தத் தாளை நீதிமன்றத்தில் தாயின் முன்னால் சத்தமாக வாசித்தால் உங்களுக்கு முகம் சுருங்குமா என்று கேட்டுப் பாருங்கள். சுருங்கும் என்றால் அந்த வரி வேண்டாம். சின்னக் குறிப்பு என்பதற்காக ஆபத்தை விட்டுவிட வேண்டாம், பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று தெரிந்தால் அதைத் திகதி போட்டு எழுதத்தான் வேண்டும், மாவட்டச் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கும் சொல்ல வேண்டும்.

நியமனக் கடிதத்தில் யாருக்குக் கீழ் என்று போடுகிறார்கள் என்று பாருங்கள். பொறுப்பதிகாரிக்குக் கீழ் என்று இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். பிரதேச செயலகத்துக்கோ மாகாண நன்னடத்தைத் திணைக்களத்துக்கோ கீழ் இருந்துகொண்டு பொலிஸில் கதிரை போடுவது வேறு, பொலிஸின் ஆளாக இருப்பது வேறு. 1939 ஆம் ஆண்டுச் சிறுவர் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் வந்த காலத்தில் இருந்தே இந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, நீதவான் கேட்டால் நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய்ச் சமூக அறிக்கை எழுதுவார். உங்கள் அறை வந்ததும் பொலிஸார் உங்களிடமே ஒரு அறிக்கை கேட்பார்கள், பக்கத்தில்தானே இருக்கிறா என்று. கொடுத்துப் பழக்க வேண்டாம்.

ஓடிப்போன பிள்ளைகளின் விஷயம். பதினாறுக்குக் கீழே சம்மதம் என்ற ஒன்று சட்டத்தில் இல்லை. இரண்டு வீட்டுக்காரரும் வந்து, மிஸ், பதினெட்டு முடிந்ததும் கலியாணம் எழுதி வைக்கிறோம், இதை இதோடு விடச் சொல்லுங்கோ என்று உங்கள் காலைப் பிடிப்பார்கள். அந்தச் சமாதானம் உங்கள் கையிலும் இல்லை, பொறுப்பதிகாரியின் கையிலும் இல்லை, அது வழக்கு. போர்க்காலத்தில் இயக்கம் பிடித்துக்கொண்டு போகாமல் இருக்க எத்தனை பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கட்டி வைத்தோம், அந்த வழக்கம் இன்னும் இந்த மண்ணில் இருக்கிறது. அவளோடும் அவனோடும் இரண்டு குடும்பத்தோடும் வேலை செய்யுங்கள், நிறைய இருக்கிறது. முறைப்பாட்டை வாபஸ் வாங்க வைக்கிற வேலைக்கு மட்டும் உங்கள் அறையைக் கொடுக்க வேண்டாம். அந்தக் கொப்பிக் கையெழுத்தும் அப்படித்தான். 2005 ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் பன்னிரண்டு மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம், அதோடு உளவளத்துணைக்குப் போ என்று கட்டளையும் போடலாம். அப்படி நீதிமன்றம் அனுப்பி வந்தால் நீங்கள் நிமிர்ந்து இருந்து வேலை செய்யலாம்.

குளக்கட்டு:

ஐயா, 25 ஆம் பிரிவைப் பற்றி பதினொரு வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு நாளாக அதைத்தான் யோசிக்கிறேன். என்னிடம் அப்படிச் சொன்ன பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் எழுதியும் வைத்திருக்கிறேன்.

மல்லாவிப்பனி, உங்களுக்கு யார் என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. யாழ்ப்பாணத்தில் எனக்குப் படிப்பித்த ஒரு ரீச்சர் இருக்கிறா, மாதத்தில் ஒருநாள் போய் இருந்து கதைக்கலாம், கேட்டுப் பார்க்கிறேன். சங்கிலிப்பெட்டித் தம்பி, உங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் எழுதினதை அந்த மூன்று பேரிலும் முதல் ஆளை வேலைக்கு எடுக்கும்போது வாசிக்கக் கொடுக்கப்போகிறேன், வேலைக்குப் போனால்.

பாலைப்பழம்:

நான் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன், பெண்கள் சம்பந்தமான வேலை. எல்லோரும் அறையைப் பற்றியே கதைக்கிறீர்கள். அந்த அறைக்கு ஆட்கள் எப்படி வருவார்கள்? ஒட்டுசுட்டானுக்கு அங்கால் இருந்து ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து போக ஒரு நாள் கூலி போகிறது. அறுவடை நேரம் என்றால் கடவுள் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். ஆகவே கிழமையில் இரண்டு நாள் மட்டும் பொலிஸில் இருங்கள், புதிதாக வருகிறவர்களை முதல் முறை பார்க்க. மற்ற மூன்று நாளும் வெளியே. பின்னேரத்தில் முன்பள்ளிக் கட்டடம் சும்மாதான் கிடக்கும், எங்கள் பக்கம் அதைத்தான் பாவிக்கிறோம், சின்னக் கதிரைதான், முழங்கால் நோகும், ஆனால் முன்பள்ளிக்குள் போகிற தாயை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோயில் மடம் வேண்டாம், அங்கே எப்போதும் யாராவது ஒரு மாமி இருப்பா.

பொலிஸ் ஜீப்பில் எந்த வீட்டுக்கும் போகாதீர்கள். வாகனம் இல்லை, இன்றைக்கு மட்டும் இதில் போங்கள் என்பார்கள். ஒருநாள் போனால் போதும், அந்த ஒழுங்கை முழுக்க உங்களுக்குப் பூட்டு. எங்களோடு வேலை செய்கிற ஒரு பிள்ளை தெரியாமல் அப்படிப் போய், அந்தக் கிராமத்தில் திரும்பக் கதவு திறக்க எட்டு மாதம் எடுத்தது. ஸ்கூட்டிக்கு எண்ணெய்க் காசு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பலகையில் உளவளத்துணை என்று போட்டால் விசர் என்று வாசிப்பார்கள், வேறு ஏதாவது போடுங்கள். சிறுவர் உதவிக்கான 1929 தொலைபேசி இலக்கத்தை மட்டும் பெரிதாகப் போடுங்கள், பிள்ளைகளுக்குப் பாடமாகட்டும்.

மற்றது, தம்பி சொன்ன மொழிப் பிரச்சினை. உங்களுக்குச் சிங்களம் வரும் என்றால் கவனம். முதல் கிழமையே உங்களை மொழிபெயர்ப்பாளராக்கி விடுவார்கள். வாக்குமூலம் எடுக்கிற மேசையில் நீங்கள் ஒருதரம் இருந்துவிட்டால் பிறகு அந்தப் பிள்ளை உங்களிடம் வராது.

சங்கிலிப்பெட்டி:

முன்பள்ளி என்றால் தம்பியை அனுப்பியிருப்பேன். இப்போது அவனுக்கு இருபது, கத்தாரில் நிற்கிறான். ஜீப் கதை உண்மை.

மல்லாவிப்பனி:

பாலைப்பழம் அக்கா சொன்ன மொழிபெயர்ப்பு விஷயத்தை நான் எழுத மறந்துவிட்டேன், இங்கேயும் அதே சோதனை. ஸ்பானிஷ் தெரிந்த என் பயிற்சிப் பிள்ளையை இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். நான் போனை வாங்கி, மொழிபெயர்ப்பாளர் சேவைக்கு எடுங்கள் என்றேன். இரண்டாம் தரம் கூப்பிடவில்லை.

குளக்கட்டு:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுத் திட்டக்காரருக்கு எழுதி அனுப்பினேன். நியமனம் பிரதேச செயலகத்துக்குக் கீழ் வேண்டும், பொலிஸில் இரண்டு நாள் மற்றது வெளியே, பொலிஸுக்கு நான் சொல்வது வந்தார், வரவில்லை, முடித்தார் மட்டும், எனக்கு வெளியில் இருந்து மேற்பார்வைக்குப் போக்குவரத்துச் செலவு, அப்புறம் எண்ணெய்க் காசு. சிங்களம் ஓரளவு தெரியும் என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தேன், அதை எடுக்க முடியாது, ஆனால் மொழிபெயர்ப்பு என் வேலை இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன்.

இன்று காலை பதில் வந்தது. எண்ணெய்க் காசு சரி. இரண்டு நாள் சரி, மூன்றாம் நாளும் வந்தால் நல்லதாம். நியமனம் யாருக்குக் கீழ் என்பதைக் கொழும்பில் கேட்க வேண்டுமாம். அலுமாரிக்கு இரண்டு திறப்பு, ஒன்று என்னிடம், மற்றது பாதுகாப்புக்காகப் பொறுப்பதிகாரியிடம் இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த இரண்டாவது திறப்பு ரீச்சரிடம் இருக்கட்டும் என்று பதில் போட்டிருக்கிறேன். பழைய கோவைகளை இன்றிரவு எடுத்து வைத்து ஒவ்வொரு தாளாக வாசிக்கப்போகிறேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.